மட்டைக்கு அடியில் போட்ட உரம்

"அக்கா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்களாமே, ஒங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?" என்று போன வாரம் கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியவள் புதிய திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண். எனக்கு முப்பத்திரண்டு வயது. சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. சிறு தோட்டக்காரர்களுக்கு மானியத்தில் உயிர் உரம் கொடுக்கும் அரசுத் திட்டத்தில், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஒப்பந்த ஊழியராக இருந்தேன். அந்தத் திட்டம் இப்போது வேறொரு பெரிய திட்டத்துக்குள் போய்விட்டது. என் பதவியும் அதோடு முடிந்தது. பதவி முடிந்தவர் ஓய்வு பெற்றவர்தானே? நரைக்கக் காத்திருந்தால் பாதி மறந்துபோகும். சூட்டோடு சூடாக இப்போதே எழுதிவிடுகிறேன்.

படிப்பையும் பயிற்சியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ரஹாங்கில் வளர்ந்தவள். அப்பா லோரி ஓட்டினார், அம்மா பள்ளிக் கேண்டீனில் சமைத்தார். விவசாயத்தில் டிப்ளோமா, அதற்குமேல் பட்டம், நடுவில் ஒரு கோழிப் பண்ணை, ஒரு நாற்றுப் பண்ணை. எதிலும் கால் தரிக்கவில்லை. பிறகு இந்தத் திட்டத்தின் பயிற்சி முகாமில் ஒரு நாள், மண் கரைத்த தண்ணீரில் ஒரே ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார்கள். குட்டிக் குட்டிக் குச்சிகள் நீந்தின. முட்டிக்கொண்டன, விலகிக்கொண்டன. சந்தை நாள் மாதிரி ஒரே நெரிசல். எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் நான் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. இத்தனை நாளாக இவற்றின் மேலேயா நடந்துகொண்டிருந்தேன் என்று இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். ரசாயன உரம் மரத்துக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற சோறு. உயிர் உரம், சமையல்காரர்களையே வேருக்கு அனுப்பி வைக்கிற வேலை. காற்றில் இருப்பதையும் மண்ணில் பூட்டிக் கிடப்பதையும் எடுத்து அவர்கள் மரத்துக்குச் சமைத்துப் போடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: சமையல்காரர்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

திட்டம் எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரத்தை அரசாங்கம் கொடுக்கும். போடுவது தோட்டக்காரர் பொறுப்பு. இரண்டு சுற்றுகளாக மூட்டைகள் வரும். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் குழுவாகத்தான் சேர முடியும். முதல் சுற்றுக்குப் பிறகு மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். கொடுத்த உயிர்கள் அந்த மண்ணில் வாழ்கின்றனவா என்று பார்ப்பார்கள். உரத்தை வேறெங்கோ விற்றுவிட்டதாகத் தெரிந்தால் மொத்தக் குழுவும் வெளியே. அந்த ஆண்டு ரசாயன உர மானியத்துக்கும் திரும்பிப் போக முடியாது.

இனி என் மேலதிகாரி. புவான் ஜைத்தூன், மாவட்டத்தில் எங்கள் பிரிவுக்குத் தலைவி; புவான் என்பது மலாயில் 'மேடம்' மாதிரி. கெமாஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரர். இரு பக்கத்து வீடும் தமிழ் வீடு. அதனால் அவர் பேசுகிற தமிழ், என் தமிழைவிட வேகமாகவும் காரமாகவும் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. அவர் காரின் பின்பக்கத்தில் ஒரு மண்வெட்டி, ஒரு குடம் தண்ணீர், ஐஸ்கிரீம் வாங்கிய வெள்ளை டப்பா ஒன்று எப்போதும் இருக்கும்.

ஒரு தோட்டத்துக்குப் போனால் அவர் முதலில் யாரோடும் பேச மாட்டார். சலாம் சொல்வார், அவ்வளவுதான். நேரே போய் மண்வெட்டியால் ரொட்டித்துண்டு அளவுக்கு மண்ணை அப்படியே கட்டியாக வெட்டி எடுப்பார். டப்பாவில் வைத்து ஓரமாகத் தண்ணீர் ஊற்றுவார். ஆட்டக் கூடாது, டப்பாவைச் சாய்த்துச் சாய்த்து மண்ணைத் தானாகக் கரையவிட வேண்டும். கலங்கல் வடிந்ததும் வெள்ளை அடித்தட்டில் வேர்கள் மட்டும் படுத்திருக்கும். நிறம் என்ன, நுனி உயிரோடு இருக்கிறதா, கிளை விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கடைசியாக மூக்குக்குக் கொண்டுபோய் முகர்வார். அதன் பிறகுதான் நிலக்காரர் முகத்தைப் பார்ப்பார்.

"ஏன் இப்படிச் செஞ்சேன்னு மட்டும் யாரையும் கேக்காத நிவேதா" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். "ஏன்னு கேட்டா மனுசன் கதை சொல்வான். எப்படின்னு கேளு, செஞ்சு காட்டுவான்."

கெமாஸ் பக்கம் ஒரு குழுவில் உரம் எடுபடவே இல்லை. மூட்டைகளை எங்கே வைத்தீர்கள், காட்டுங்கள் என்றார் புவான். தகரக் கொட்டகைக்குள் கூட்டிப் போனார்கள். நல்ல உச்சி வெயில் நேரம். புவான் எல்லாரையும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, நுண்ணுயிர்களின் பெருமையைப் பற்றி நிதானமாக ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய சட்டையும் முதுகோடு ஒட்டிவிட்டது. ஒருத்தர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க? இன்னும் இருக்கு."

"வெந்து போயிருவோம் போலருக்கு புவான்."

"கொஞ்ச நேரத்துக்கே இப்படிச் சொல்றீங்களே லா. மூட்டை ஒரு மாசமா இங்கதான இருந்துச்சு?"

அதற்குமேல் அந்தக் குழுவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அடுத்த முறை போனபோது மூட்டைகள் ஒருத்தர் வீட்டு நடுக்கூடத்தில், காற்றாடிக்குக் கீழே இருந்தன. வீட்டுக்காரர் பாய் விரித்து வாசலில் படுத்திருந்தார்.

இப்போது ரந்தாவ். புதிதாக வருகிறவர்கள் எந்தப் பக்கத்தை விட்டாலும் இந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

ரந்தாவைச் சுற்றிப் பெரிய தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சில நிலங்கள். பழைய தோட்டம் ஒன்றைப் பிரித்து விற்றபோது, அங்கே வேலை செய்த குடும்பங்கள் கிடைத்த இழப்பீட்டைப் போட்டு வாங்கிய, எண்ணெய் எடுக்கும் செம்பனை நிலங்கள் அவை. வீட்டுக்கு நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர். ஜெயமேரி அக்காவும் அவர் கணவர் அருள்தாஸ் அண்ணனும் அங்கே ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். அக்கா செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர், ஷிப்ட் வேலை. அண்ணன் முழு நேரமும் நிலத்தில். எங்கள் திட்டத்தைப் பற்றி அக்கா எங்கோ கேள்விப்பட்டு, அவராகவே அலுவலகத்துக்கு வந்து என்னைக் கேள்விகளால் துளைத்து எடுத்தார். குழுவாகத்தான் சேர முடியும் என்றேன். அடுத்த வாரமே, வேலை முடிந்து சீருடையோடு மோட்டாரில் வீடு வீடாகப் போய் எல்லாரையும் சேர்த்துவிட்டார். கடைசியாக ஒப்புக்கொண்டவர் பக்கத்து நிலத்து வேலு.

"ரசாயனம் போட்டா காய்க்குதுன்னு தெரியும். இது காய்க்கும்னு நீ சொல்ற. ஒன் வாய்க்காகத்தான் சேர்றேன் ஜெயமேரி. ஏதாச்சும் ஆச்சு, ஒன் வாசல்லதான் வந்து நிப்பேன்."

"வந்து நில்லுங்க. நாக்காலி போடுறேன்" என்றார் அக்கா.

முதல் சுற்று மூட்டைகள் போயின. போட்டுவிட்டோம் என்றார்கள். மண் எடுத்து அனுப்பினோம். ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. நாங்கள் கொடுத்த உயிர்கள் அந்த மண்ணில் இல்லை. கொஞ்சமாகக்கூட இல்லை. உரமே போடாத நிலம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, ஒரு வீட்டு நிலம் விடாமல்.

அலுவலகக் கூட்டத்தில், மாநில அளவில் திட்டத்தைக் கவனித்த அதிகாரி என்சிக் ரஸாலி அதை எல்லாருக்கும் முன்னால் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வித்திருக்காங்க" என்றார் மலாயில். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மானிய மூட்டைகள் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போவதை வேறு இடங்களில் அவர் கண்ணால் பார்த்தவர். "அந்தக் குழுவுக்குத் தலைவி ஒருத்தி இருக்காளே, ஜெயமேரி. அவ பேரையும் எழுதி வைங்க. இனிமே எந்த மானியத்துக்கும் வரக் கூடாது."

புவான் ஜைத்தூன் மட்டும், "நான் இன்னும் வேரப் பாக்கல" என்றார்.

செய்தியைச் சொல்ல நான்தான் போனேன். அக்கா வேலைக்குக் கிளம்பிச் சீருடையில் வாசலில் நின்றிருந்தார்.

"வித்துட்டோம்னு யாரு சொன்னது?"

"மண்ணுல ஒண்ணும் இல்லன்னுதான் வந்திருக்குக்கா."

"அதுக்கு அர்த்தம் அதுதான நிவேதா. என்னைய மழுப்பாத."

"போடும்போது போட்டோ கீட்டோ எடுத்தீங்களா?"

"மரத்துக்கு மரம் நின்னு செல்பி எடுக்கச் சொல்றியா?"

உள்ளேயிருந்து அருள்தாஸ் அண்ணன் குரல் வந்தது. "கவர்மெண்டு சும்மா குடுத்தா சும்மா போகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே வேலுவின் மோட்டார் வந்து நின்றது. செய்தி அதற்குள் போய்விட்டது. அவர் இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவுமில்லை. "வாசல்ல வந்து நிப்பேன்னு சொன்னேன்ல. வந்துட்டேன். இந்த வருசம் என் மரத்துக்கு என்னா போடுறது? ஒங்க பேக்டரில இருந்து ஸ்க்ரூ கொண்டாந்து போடவா?" வேலு போன பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உரம் போனா போவுது. இத்தன வீட்டுலயும் என்னையத் திருடின்னு நெனைக்கிறாங்க. இதே ரோட்டுலதான் நான் தெனமும் வேலைக்குப் போவணும்."

அந்தச் சனிக்கிழமை புவான் வந்தார். வழக்கம்போல் சலாம், மண்வெட்டி. ஆனால் வெட்டவில்லை. குழுவில் வந்தவர்களை எல்லாம் சுற்றி நிறுத்திவிட்டு அருள்தாஸ் அண்ணனிடம், "எப்படிப் போட்டே? எனக்குச் செஞ்சு காட்டு" என்றார்.

"உரம்தான் தீந்துபோச்சே."

"சலிச்ச மண்ணு எடுத்துக்க. அன்னைக்கு என்னென்ன செஞ்சியோ அதெல்லாம் செய்."

அண்ணன் கறுப்பு மண்ணை வாளியில் நிரப்பித் தோளில் மாட்டினார். ஒரு தகரக் கிண்ணத்தை எடுத்தார். செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் பூண்டு இல்லாமல் வைத்திருப்பார்கள், எல்லாருக்கும் தெரியும். அவருடைய வட்டத்தைப் பார்க்க வேண்டும். காம்பஸ் வைத்துக் கீறிய மாதிரி. ஓர் இலைகூட இல்லை, தரை வெளேரென்று தெரிந்தது. அவர் பின்னோக்கி நடந்தபடி மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினார். கிண்ணத்திலிருந்த மண் விசிறி மாதிரி பறந்து விழுந்தது. கால் நிற்கவில்லை, கை நிற்கவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் மரத்தைச் சுற்றிக் கறுப்பாக, ஒரே தடிமனில், தொடக்கமும் முடிவும் தெரியாத வளையம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அழகா இருக்கு" என்றார் புவான். "இதுக்கு முன்னாடி என்னா செஞ்ச?"

"ரெண்டு நாளைக்கு முன்னாடி வட்டத்துக்கு மருந்து அடிச்சேன். புல்லு இருந்தா உரத்தப் புல்லு தின்னுரும்ல. ஆனா மருந்தோட கலக்கக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. கலக்கவே இல்ல. வேணும்னா எல்லாரையும் கேளுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு நிலத்திலும் அப்படித்தான். புல்லுக்கு மருந்து, பிறகு கூட்டிவிட்ட மொட்டை வட்டம், பிறகு வளையம். மூட்டையிலும் 'மரத்தைச் சுற்றிப் போடவும்' என்றுதான் அச்சடித்திருந்தது.

"இவ்வளோ சுத்தமா வட்டம் போட எங்க கத்துக்கிட்ட?"

அண்ணன் முகம் மலர்ந்தது. "எங்கப்பா இந்தத் தோட்டத்துலயே ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரு. அப்பல்லாம் கொஞ்சம் பேரு மூட்டையத் தூக்கக் கஷ்டப்பட்டுக்கிட்டு உரத்தக் கால்வாயில கொட்டிருவாங்க. அதுக்காகத் தொரை ரோட்டுல கார நிப்பாட்டிப் பாப்பாரு. மரத்தச் சுத்தி வளையம் கண்ணுக்குத் தெரியணும். தெரியலன்னா உரம் திருட்டுப் போச்சுன்னு அர்த்தம், அன்னைக்கு அந்த ஆளுங்களுக்குக் கூலி கெடையாது. நாங்க கவர்மெண்டு உரத்த ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியிற மாதிரிப் போட்டோம் புவான். ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லிரக் கூடாதுன்னு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருடவில்லை என்று காட்டுவதற்காகவே, நிலத்திலேயே மிகச் சூடான, மிகக் காய்ந்த, நிழலே இல்லாத இடத்தில் உயிருள்ளதைப் பரப்பி வெயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உப்பு மாதிரியான ரசாயன உரம் அங்கே கிடந்து மழைக்குக் கரையும். நுண்ணுயிர் மழை வரும்வரை எங்கே இருக்கும்? நாணயத்தின் அடையாளம்தான் அவர்களைத் திருடர்களாகக் காட்டியிருக்கிறது.

"புவான், வட்டம்" என்றேன்.

"தெரியுது, தெரியுது. கொஞ்சம் இரு." புவான் வட்டத்துக்குள் மண்வெட்டியை இறக்கினார். 'டங்' என்றது. வெட்டியெடுத்த கட்டி செங்கல் மாதிரி இருந்தது. டப்பாவில் கரைத்தால் அடியில் நாலைந்து தடித்த பழுப்பு வேர்கள், நூல் வேர் இல்லை. "மருந்து கொன்னது பாதிதான். மிச்சத்த வெயிலு கொன்னுருச்சு" என்றபடி எழுந்து, இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே வெட்டிய ஓலை மட்டைகளைக் குவித்து வைத்திருக்கும் அடுக்கைக் காட்டினார். "இப்ப அதத் தூக்கு. அடியில வெட்டணும்."

ஒருத்தரும் நகரவில்லை. மட்டை அடுக்கு என்றால் பாம்பு. குலை வெட்டுகிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் நடப்பார்கள்.

"பாம்பு கடிச்சா அதுக்கும் மானியம் உண்டா புவான்?" என்றார் வேலு, பின்வரிசையிலிருந்து.

"உண்டு. பாம்புக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். வேலுவும் சிரித்துவிட்டார். ஜெயமேரி அக்கா சிரிக்கவில்லை. ஒரு நீளக் குச்சியை எடுத்து அடுக்கைத் தட்டினார், குத்தினார், காத்திருந்தார். பிறகு கையை விட்டு மட்டையைப் புரட்டினார். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக, தேங்காய்ப் பூ மாதிரி பொலபொலவென்று இருந்தது. மண்புழு ஒன்று அவசரமாக உள்ளே போனது. புவான் வெட்டத் தேவையே இல்லை, கையால் அள்ளினார். டப்பாவில் கரைந்து வடிந்ததும் அடித்தட்டு தெரியவில்லை. வெள்ளை நூல்வேர், பின்னிப் பின்னி, வலை மாதிரி.

டப்பா கை மாறி மாறிப் போனது. தங்கள் மரம் எங்கே சாப்பிடுகிறது என்பதை அவர்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள். நானும் படத்தில் பார்த்திருந்தேனே தவிர இப்படிக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. "ரெண்டாவது சுத்து மூட்டைய இங்க போடுங்க. மட்டையத் தூக்கி, போட்டு, மறுபடி மூடிருங்க. மருந்து வேண்டாம். மழை பேஞ்ச மறுநாள் போடுங்க" என்றார் புவான்.

அருள்தாஸ் அண்ணன் வாளியைக் கழற்றித் தரையில் வைத்தார். "அது நடக்காது புவான்."

"ஏன்?" என்று கேட்டுவிட்டேன் நான். புவான் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"நாலு பேரு பாக்க வளையமாப் போட்டதுக்கே திருடன்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு மூடி வச்ச எடத்துல போட்டேன்னு சொன்னா யாரு நம்புவா? நான் ஒழுங்காப் போட்டு, பக்கத்து நெலத்துக்காரன் வித்தாக்கூட தெரியாது. அப்ப மொத்தப் பேரும் காலி."

"என்னையப் பாத்துச் சொல்லு அருளு" என்றார் வேலு.

"ஒன்னையப் பாத்துத்தான் சொல்றேன்."

பேச்சு தடித்தது. புவான் தலையிடவில்லை, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜெயமேரி அக்காதான் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஒருத்தரும் சொந்த நெலத்துக்குப் போட வேணாம். கோத்தோங் ரோயோங் வைப்போம், எல்லாரும் கூடி வேல செய்வோம். எங்க நெலத்துக்கு வேலு போடட்டும், வேலு நெலத்துக்கு நாங்க போடுறோம். அதே மாதிரி எல்லாரும் மாத்திக்குங்க. என் மூட்டைய வேலு பிரிக்கட்டும். அவரு மொறச்சு மொறச்சுப் பாக்குற கண்ணுக்கு முன்னாடி நான் என்னாத்த விக்கப் போறேன்?"

வேலு தலையைச் சொறிந்தார். "சாப்பாடு யாரு?"

"நான்தான்."

"கோழியா?"

"மொதல்ல மட்டையத் தூக்குங்க."

அலுவலகத்தில் இதை ஒப்புக்கொள்ள வைப்பது லேசாக இருக்கவில்லை. புவான் என்சிக் ரஸாலியிடம் வாதாடவே இல்லை. வட்டத்திலிருந்து வெட்டிய செங்கல் கட்டியையும், மட்டைக்கு அடியில் கிடைத்த வேர் வலையையும் அவர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேசை நாறியது. "ரெண்டாவது சுத்து மட்டும் குடுங்க. அப்புறம் நீங்களே வந்து தோண்டுங்க" என்றார். என்சிக் ரஸாலி அந்த வேரையே பார்த்துவிட்டு, தரலாம், ஆனால் இந்த முறையும் மண் வெறுமையாக இருந்தால் அந்தக் குழுவைப் பற்றி யாரும் தன்னிடம் மீண்டும் பேசக் கூடாது என்றார். ஜெயமேரி பெயரும் அப்போது எழுதப்படும்.

கோத்தோங் ரோயோங் நாளைப் போல ஒரு நாளை நான் என் வேலையில் வேறு பார்த்ததில்லை. முந்தின இரவு நல்ல மழை. விடியும்போதே எல்லாரும் வந்துவிட்டார்கள். குச்சியால் தட்டுகிறவர் முன்னால், இரும்புக் கொக்கியால் மட்டை புரட்டுகிறவர் அடுத்து, உரம் தூவுகிறவர் பின்னால், மூடுகிறவர் கடைசி. அக்காவின் மூட்டையை வேலு பிரித்து, முகர்ந்து பார்த்து, "மண்ணு வாசம்தான் வருது" என்று ஏமாந்த மாதிரி சொன்னார். அருள்தாஸ் அண்ணனின் கை பழக்கத்தில் வட்டத்தை நோக்கியே போனது. ஒவ்வொரு முறையும் வேலு, "அருளு, தொரை செத்துட்டாரு" என்று கத்தினார். ஒரு அடுக்கில் நிஜமாகவே பாம்பு இருந்தது. அது எங்களைவிட வேகமாக ஓடியது. சாப்பாட்டில் கோழி இருந்தது. நான் சேற்றோடு உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு காத்திருப்பு. எனக்குக் காத்திருக்கவே வராது. வேறு வேலையாக ரந்தாவ் பக்கம் போகிற சாக்கில் எல்லாம் மட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "மூடு, மூடு. குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள முட்டைய ஒடச்சிருவ போல" என்று அக்கா விரட்டினார். ஆனால் வேலைக்குப் போகும்போது அவர் முகத்தில் இறுக்கமாகக் கட்டிய துணியோடு, யாரையும் பார்க்காமல் மோட்டார் ஓட்டிப் போவதை நான் கவனித்திருந்தேன். அந்த ரோட்டில் அவர் இன்னும் தலை நிமிரவில்லை.

என்சிக் ரஸாலி வந்த அன்று மொத்தக் குழுவும் கூடியிருந்தது. அவர் முதலில் மரங்களின் அடியைப் பார்த்தார். வட்டங்களில் ஒன்றும் இல்லை. புல் முளைத்திருந்தது. அவர் புருவம் சுருங்கியது.

ஜெயமேரி அக்கா முன்னால் வந்து மலாயில் சொன்னார்: "நாங்க காட்ட மாட்டோம் துவான். நாங்க காட்டுனா நல்ல எடமாப் பாத்துக் காட்டுறோம்னு தோணும். எந்த நெலத்துல, எந்த அடுக்கு வேணும்னாலும் நீங்களே தூக்குங்க."

அவர் கையுறை போட்டுக்கொண்டு, எல்லையோரமாக யாரும் கவனிக்காத ஓர் அடுக்குக்குப் போனார். குச்சியால் தட்டினார். தூக்கினார். குனிந்தார். வெள்ளை வேர்கள் மேல் மண் வரைக்கும் வந்து, உரத் துணுக்குகளைச் சுற்றிப் பிடித்திருந்தன. அடுத்த நிலத்துக்குப் போனார். அங்கே ஒன்று. அதற்கடுத்த நிலத்தில் ஒன்று. அதற்குள் கையுறையைக் கழற்றிவிட்டார். கடைசியில் முழங்கால் மண்ணில் படிய உட்கார்ந்து, வேரை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மண் மாதிரிகளை அவரே எடுத்தார். ஆய்வக முடிவு வந்தபோது, ஒரு நிலம் விடாமல் எல்லாவற்றிலும் நாங்கள் கொடுத்தவை உயிரோடு இருந்தன. அதைச் சொல்வதற்கும் அவரே ரந்தாவுக்கு வந்தார்.

"ஒங்க குழு திட்டத்துல இருக்கு. அடுத்த வருச மூட்டையும் வரும்" என்றார்.

கைதட்டினார்கள். வேலு, அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு ஆட்டுக்கறி என்று அறிவித்தார். ஜெயமேரி அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"துவான், மொத தடவ எங்க மண்ணுல ஒண்ணும் இல்லன்னப்ப, நாங்க வித்துட்டோம்னு சொன்னீங்க. என் பேரையும் சொன்னீங்க. அத எங்க சொன்னீங்க?"

"ஆபீஸ் கூட்டத்துல."

"இதையும் அங்கயே சொல்லணும். என் பேரோட."

அருள்தாஸ் அண்ணன் அக்காவின் கையைத் தொட்டார். அக்கா திரும்பவில்லை. என்சிக் ரஸாலி தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லா விஷயங்களும் பேசி முடிந்து, நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன. என்சிக் ரஸாலி மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போது அவர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "ரந்தாவ் குழு உரத்த வித்துட்டதா இதே அறையில நான் சொன்னேன். விக்கல. ஜெயமேரி அருள்தாஸ், அவங்களும் விக்கல, அவங்க குழுவுல யாரும் விக்கல. போட வேண்டிய எடத்த நாமதான் சரியாச் சொல்லல. மூட்டையில அச்சடிச்சிருக்கிறத மாத்தணும்." அவ்வளவுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். புவான் ஜைத்தூன் தன் நகத்து இடுக்கில் இருந்த மண்ணைப் பார்த்தபடி இருந்தார்.

நான் வெளியே ஓடி, மாடிப்படியில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் ஷிப்டில் இருந்தார். பின்னால் மெஷின் இரைச்சல்.

"அக்கா, சொல்லிட்டாரு. எல்லாரு முன்னாடியும். ஒங்க முழுப் பேரையும் சொன்னாரு."

அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் இன்னும் கூடியது. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"அக்கா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு." சத்தத்தைத் தாண்டிக் கத்தினார். "நீ அங்கயே இருந்தியா? ஒன் காதால கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"அப்ப சாயங்காலம் வா. வேலு வீட்டுக்கு மொதல்ல போயி நீயே சொல்லு. நான் சொன்னா நான் சொல்ற மாதிரி இருக்கும்."

போனேன். வீடு வீடாகச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் கடைசி வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஷிப்ட் முடிந்து அக்காவின் மோட்டார் அந்த ரோட்டில் வந்தது. முகத்தில் துணி கட்டியிருக்கவில்லை. வேலு ரோட்டுக்கே போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். "லைன் லீடரு, ஆட்டுக்கறி ஒங்க செலவா, எங்க செலவா?"

அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.